தறி ஓடிய ஞாயிற்றுக்கிழமை

மாமா,

அந்தப் புத்தகத்தில் நான் முதலில் பார்த்தது நீலக் கோட்டைத்தான். எழுத்தை அப்புறம்தான் படித்தேன். துணியில் பழுது விழுந்த இடத்தில் கோடு போட நீங்கள் காதில் செருகி வைத்திருப்பீர்களே, அதே நீலப் பென்சில். இருபது பக்கத்திலும் சேர்த்து ஒரே ஒரு வரிக்குக் கீழே, அழுத்தி, இரண்டு தடவை இழுத்திருந்தீர்கள்.

போன மாதம் பட்டா தேடி அத்தை உங்கள் பீரோவைத் திறந்தபோது அடித்தட்டில் ஒரு ஃபைல் கிடந்திருக்கிறது. "ஏட்டி சுபா, இது உங்களுதா பாரு. மாரி பேரு போட்டிருக்கு" என்று நீட்டினார்கள். உள்ளே அந்தப் புத்தகம். கூடவே படம் போட்ட அட்டைகள், உறை கூடப் பிரிக்காமல். மேலே முத்துமாரி, வயது ஐந்து என்று எழுதியிருந்தது. என் தங்கச்சிக்கு இப்போது பதிமூன்று.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதையெல்லாம் கேட்க எனக்கு வாய் வராது. கூடத்தில் நாலு பேர் இருந்தால் என் குரல் எனக்கே கேட்காது. "இவ வாயில பூட்டு, சாவியைக் கிணத்துல போட்டுட்டா" என்று தறி ஓட்டுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா லாரியில் அடிபட்டுப் போன பிறகு எங்கள் மூன்று பேருக்கும் உங்கள் வீட்டுப் பின்கட்டைக் கொடுத்தீர்கள். அம்மாவுக்குப் பேண்டேஜ் துணி சுருட்டுகிற வேலை கொடுத்தீர்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் நான் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் அம்மா, "அவிய இல்லன்னா நாம தெருவுலதான் நின்னுருப்போம்" என்று என் வாயை அடைத்துவிடுகிறாள். அது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் இத்தனை வருஷம் யாரும் உங்களை ஒரு கேள்வி கேட்க முடியவில்லை.

மாரிக்குப் பேச்சு வரவில்லை என்று அங்கன்வாடி டீச்சர்தான் அம்மாவையும் எங்களையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். அங்கே சிறப்புக் குழந்தைகள் மையத்தில் இருந்த டாக்டரம்மா ஒரு மணி நேரம் மாரியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆட்டிசம் என்றார். அந்தச் சொல்லை நாங்கள் அன்றுதான் கேட்டோம். "இது சீக்கு இல்லம்மா. மருந்து குடுத்து மாத்துறதுக்கு ஒண்ணுமில்ல. இவளுக்கு எது ஒத்துக்கிடும், எது ஒத்துக்கிடாதுன்னு நாமதான் படிச்சுக்கிடணும்" என்று சொல்லி, புத்தகமும் பட அட்டைகளும் வைத்த ஃபைலைக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் எங்கள் வாசலுக்கே வேன் அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

நீங்கள் ஃபைலை வாங்கி, "குடு, நான் படிச்சுப் பாக்கேன்" என்றீர்கள். மறுநாள் வேன் வேண்டாம் என்று போன் செய்தீர்கள். வேனின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைத் தெரு படிக்கும் என்பது உங்கள் கவலை. "என் மக கல்யாணம் முடியட்டும். வீட்டுல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?" உங்கள் மகள், என் மதினிக்கு அப்போது பதினாறு வயது. மாப்பிள்ளையே பார்க்க ஆரம்பிக்கவில்லை.

பன்னிரண்டு தறி. சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் நாங்கள். காலையில் மோட்டார் போட்டதும் மாரி பேண்டேஜ் துணியைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொள்வாள். கரண்டு போனால் மட்டும் வெளியே வருவாள். தெருவே கரண்டைத் திட்டும்போது அவள் கை தட்டிச் சிரிப்பாள். "கரண்டு போனா சிரிக்கிற ஒரே ஜென்மம் நம்ம வீட்டுலதான்டே இருக்கு" என்று டீக்கடை வரைக்கும் போய் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னீர்கள். ஏன் சிரிக்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அவளுக்குப் பத்து வயதானபோது மோட்டார் போட்டதும் ஒரு நாள் ரோட்டுக்கு ஓடிவிட்டாள். ஒரு மினி பஸ் பிரேக் அடித்து நின்றது. அன்று சாயங்காலம் முடிவு செய்துவிட்டீர்கள். அம்மா துணி சுருட்டணும், அதனால் நான் வீட்டில் இருக்கணும். ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சை எழுதியிருந்தேன். "இவ கிளாஸ்ல வாயத் திறந்து பதில் சொல்லவா போறா? வீட்டுல இருந்தா பிள்ளையவாவது பாத்துக்கிடுவா." அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சேத்தூரிலிருந்து மதினியைப் பெண் பார்க்க வந்த நாள்.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. மாரி வீடெல்லாம் சுற்றி வருகிற ஒரே நாள் அது. நீங்கள் காலையிலேயே வந்து, "மூணு பேரும் ஷெட்டுக்குள்ள துணி பேல் கிடக்குற மூலையில போய் இருங்க. அவ ஆள் கண்டா கத்துவா. நான் தறியை ஓட விடுறேன், ஒண்ணும் வெளிய கேக்காது" என்றீர்கள். அம்மா, "அண்ணே, அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாதுண்ணே" என்றாள். "செத்த நேரந்தான்" என்றீர்கள். லீவு நாளில் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு தறியையும் ஓட விட்டீர்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தம் வேறு, உள்ளே இருக்கிற சத்தம் வேறு. மாரி கத்தினாள். நீங்கள் நினைத்தபடியே அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு கையைக் கடிக்க ஆரம்பித்தாள். நான் என் கையை நடுவில் கொடுத்தேன். தழும்பு இருக்கிறது.

ஆனால் மாமா, தறிக்காரராக இருந்தும் நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். வந்த மாப்பிள்ளையின் அப்பாவும் தறிக்காரர். லீவு நாளில் பன்னிரண்டு தறி ஓடுகிற சத்தம் கேட்டால் எந்தத் தறிக்காரர் காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்? "என்ன சம்பந்தி, ஞாயித்துக்கிழமையும் ஓடுது, அம்புட்டு ஆர்டரா?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஷெட்டுக்குள் வந்துவிட்டார். பின்னாலேயே நீங்கள் ஓடிவந்தீர்கள். அவர் எங்கள் பக்கத்துத் தறி இரண்டை நிறுத்தச் சொல்லிப் பாவு நூலைப் பார்த்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார், மூலையில் எங்களைப் பார்த்தார்.

"யாரு இவிய?"

மற்ற தறிகளின் சத்தத்தில் நீங்கள் அவர் காதருகே குனிந்து கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது; எங்களுக்கும் கேட்டது.

"வேலைக்கு வாற ஆளு. அது ஆளோட பிள்ளை."

உங்கள் கூடப்பிறந்தவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். "நாங்க இவிய தங்கச்சி குடும்பம்" என்று நாலே வார்த்தை. தறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காதுதான். ஆனாலும் நான் சொல்லவில்லை.

அன்றைக்கே கல்யாணம் பேசி முடிந்தது. அத்தை பின்கட்டுக்குப் பால்கோவா கொண்டுவந்தார்கள். மாரி அதைத் தொடவில்லை.

மாரிக்குச் சொந்தப் பேச்சு குறைவு. கேட்ட பேச்சை அப்படியே வைத்திருந்து, யார் சொன்னார்களோ அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்வாள். பத்து நாள் கழித்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று உங்கள் குரலில், "அது ஆளோட பிள்ளை" என்றாள். நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள். பிறகு தினமும் சொன்னாள். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே சொல்வாள். "ஏட்டி, அவ வாயை அடக்கு" என்று என்னிடம் கத்தினீர்கள். பேசவே மாட்டாளா என்று கவலைப்பட்ட வீட்டில், அவள் பேசியதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு நீங்கள் பின்கட்டுக்கு வருவதையே விட்டுவிட்டீர்கள். எங்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நீங்கள் போன அன்றும் சொன்னாள். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. ஊரே வந்திருந்தது. சேத்தூர்க்காரர் மாலையோடு உள்ளே வரும்போது மாரி உங்கள் தலைமாட்டில் நின்று, நீங்களே எழுந்து பேசுகிற மாதிரி, "வேலைக்கு வாற ஆளு. அது ஆளோட பிள்ளை" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மதினியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மதினி தலையை ஆட்டினாள்.

சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவர் அம்மாவைத் தேடிப் பின்கட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஏம்மா, இதையா மறைச்சாரு? எங்க அண்ணன் மகனும் இப்படித்தான் இருக்கான். கார்டு வாங்கியாச்சு, பஸ்ஸுக்குப் பாஸ் இருக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போறான். அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா எங்க போகணும், யாரைப் பாக்கணும்னு நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே." மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான முகாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும், அட்டை கிடைத்தால் மற்ற உதவிகளைக் கேட்கலாம் என்று சொல்லி, தேதியையும் இடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

யாரிடமிருந்து மறைத்தீர்களோ அவருக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் சாவில் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.

இப்போது அந்த நீலக் கோட்டுக்கு வருகிறேன். "அதிக இரைச்சல் இவர்களுக்கு வலியாகவே இருக்கும். உடனே அந்த இடத்திலிருந்து வெளியே அழைத்துச் செல்லுங்கள்." இந்த வரிக்குத்தான் கோடு போட்டிருக்கிறீர்கள். இதைப் பார்க்கும்வரை, பாவம், தெரியாமல் செய்தார் என்று எனக்குள் ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். எட்டு வருஷம் புத்தகம் உங்களிடம் இருந்திருக்கிறது. எப்போது கோடு போட்டீர்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால், தெரிந்தேதான் எங்களை உள்ளே போட்டீர்கள். பின்னால் என்றால், மறுநாளே புத்தகத்தை எங்கள் கையில் கொடுத்திருக்கலாம். மறுபடி பூட்டி வைத்தீர்கள். இரண்டில் எது என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் உங்களை மன்னிக்கிறதாக இல்லை.

என்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அன்று நான் சொல்லாத அந்த நாலு வார்த்தைக்காக.

முகாமுக்குப் போகிறோம் என்றதும் அத்தை, "வருசம் திரும்பட்டும்டி. அவிய மூடி வச்சதை நாம தொறக்கணுமா?" என்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அட்டைகளின் உறையைப் பிரித்தேன். புத்தகத்தில் சொல்லியிருந்தபடி பஸ், டாக்டர், வீடு என்று மூன்று படத்தை வரிசையாக நூலில் கோர்த்து மாரி கையில் கொடுத்தேன். முந்தின நாளிலிருந்தே காட்டினேன். இந்த வியாழக்கிழமை, ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு தடவைகூடக் கத்தாமல் வந்தாள். பஸ் படத்தைத் தடவிக்கொண்டே, என் பழைய பள்ளிப் புத்தகங்களில் பழகிய எழுத்தை வைத்துக் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்தாள். முன் சீட்டுக்காரர், "பரவால்லையே, நல்லாப் படிக்குதே" என்றார். இறங்கியதும் பஸ் படத்தைத் தானே பின்னால் தள்ளிவிட்டு டாக்டரைக் காட்டினாள். எட்டு வருஷம் இது பீரோவுக்குள் கிடந்தது, மாமா.

முகாம் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. மைக் வைத்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் அது கீச்சென்று கத்தியது. மாரியைப் போலவே நாலைந்து பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தார்கள். வெளியே கூட்டிப்போகப் பார்த்தேன். "பேரு கூப்பிடும்போது இல்லன்னா கடைசிக்குப் போயிரும்" என்று வாசலில் இருந்தவர் சொன்னார். கடைசிக்குப் போனால் டாக்டர் எழுந்து போய்விடுவார் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். மாரி கையைக் கடிக்க ஆரம்பித்தாள். "செத்த நேரந்தான்டி, பொறுத்துக்கோ" என்று அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். மைக் பிடித்திருந்தவர், "போயி உக்காரும்மா, பேரு வந்தாக் கூப்பிடுவோம்" என்றார். எனக்குச் சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன், வரவில்லை. அவர் அடுத்த பேருக்கு மைக்கைத் தூக்கினார்.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாரு பிடுங்குனது? ஏ பிள்ளை, இம்புட்டுப் பேரை வாயாலயா கூப்பிடச் சொல்லுத?" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, அவர் நிறுத்திய இடத்திலிருந்து பேர்களை நானே கூப்பிடத் தொடங்கினேன்.