ஆர்டருக்கு எந்த வினை

ஆவணி 3, திங்கள்
காலையிலிருந்து சாரல். போடி பஜாரெல்லாம் சேறு. எங்கள் ஏலக்காய்க் கடைக்கு இங்கிலீஷ் கடிதம் அடிக்க முதலாளி புதிதாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறார். ஸ்டெல்லா, தேனிக்காரி. பதினோரு வருஷமாக அது என் வேலை.

சரக்குக் கட்டச் சாக்குப் பை கேட்டு நான் எழுதிய கடிதத்தைப் படித்தாள். "அண்ணே, ஆர்டர் போடுறதுக்கு 'புட்' வராது. 'ப்ளேஸ்'னு எழுதணும்." மெதுவாகத்தான் சொன்னாள். முதலாளி காதில் விழுந்து சிரித்துவிட்டார்.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

ஆவணி 5, புதன்
பழைய புத்தகக் கடையில் வியாபாரக் கடிதப் புத்தகம். ஆர்டர் என்ற ஒரே சொல்லுக்கு ஒரு பக்கம். வாங்குகிறவன் ப்ளேஸ். நாம் கன்ஃபர்ம். சரக்குப் போனால் எக்ஸிக்யூட். வேண்டாமென்றால் கேன்சல். மெஷின் கெட்டால் அவுட் ஆஃப் ஆர்டர். சாப்பிடும்போதும் முணுமுணுப்பு. "என்ன மந்திரம்?" என்றாள் மனைவி.

ஸ்டெல்லாவுக்கு முதலாளி வீட்டுக் காப்பி. எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஆவணி 8, சனி
ஏலக்காய்க்கு ஆர்டர் அனுப்பிய கான்பூர் வியாபாரிக்கு அவள் அடித்த பதில் கடிதம். சாக்கு வேண்டாமென்று சாக்குக்காரனுக்கு நேற்று அடித்ததைப் பார்த்து அடித்திருக்கிறாள். கன்ஃபர்ம் வரவேண்டிய இடத்தில் கேன்சல். முதலாளி படிக்காமலே கையெழுத்து.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. உறையை ஒட்டி, நானே தபாலாபீஸ் போனேன். வரும்போது வடை. நல்ல ருசி.

ஆவணி 14, வெள்ளி
கான்பூர்க்காரரிடமிருந்து தந்தி. வேறு இடத்தில் வாங்கிவிட்டாராம். முதலாளி கடித நகலை விரித்தார்.
"என் தப்புதாய்யா," என்றாள் ஸ்டெல்லா.
என்னைப் பார்த்தார். "நீதானே ஒட்டுன. பாக்கலையா?"
"பாக்கலய்யா."
கடித வேலை மறுபடி எனக்கு. அவளை நாளையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

சாயந்தரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள்: "நீங்க பாத்திருந்தா சொல்லியிருப்பீக. என் நேரம்ணே."
வழியில் வடைக்கடை. வாங்கவில்லை.

ஆவணி 15, சனி
கடை திறந்ததும் அவள் முன்னாலேயே சொன்னேன். "பாத்தேன்யா. பாத்துத்தான் ஒட்டுனேன்."
முதலாளி கடித நகலை மடித்து வைத்தார். பிறகு, "அவ தெரியாமச் செஞ்சா. நீயி?"

டைப் மெஷின் அவள் மேசைக்கே. எனக்கு இனி தராசுப் பக்கம். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மத்தியானம் கான்பூருக்கு மன்னிப்புக் கடிதம் அடித்து, முதலாளிக்கு வாசித்துக் காட்டினாள். எடை போடுவதை நிறுத்திவிட்டுத் தப்புத் தேடிக் கேட்டேன். ஒன்றுகூட இல்லை.