நேர்ந்துகொண்ட அசனம்

2025 ஜூன் 18
நூலகப் புத்தகம் தவணை தாண்டி மூன்று நாள். அம்மா இன்று செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கன்வாடிக்குக் கிளம்பினாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் சரியாகப் போட்டுக்கொள்ளாமலே போய்விட்டாள்.

ஜூலை 9
சிரித்திருக்கக் கூடாது. திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி என்கிறார்கள். துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாம்.

ஜூலை 10
அப்பா மாதாவுக்கு அசனம் நேர்ந்துகொண்டார். அறுவடை முடிந்ததும் புது அரிசியில் ஊருக்கே சோறு. கோயில் பெட்டியில் போட விண்ணப்பச் சீட்டை நான்தான் எழுதினேன். “அம்மாவுக்குக் கட்டியாக இருக்கக் கூடாது.” வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 2
கட்டி இல்லை. கட்டி இல்லை. கட்டி இல்லை.
அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டார். பக்கத்து வீட்டு ஷீபா அக்கா வந்து, “அசனத்துக்குக் கறிச்சோறா, இல்ல சாம்பாரோட முடிச்சிருவீங்களா?” என்றார்.
“ஒனக்கு மட்டும் ரசந்தான்டி,” என்றாள் அம்மா.

செப்டம்பர் 5
டாக்டர் நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மிக அரிதாம். மூளை நரம்புகளின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக அழியுமாம். ஸ்கேனில் அதுதான் கட்டி போலத் தெரிந்திருக்கிறது.
“கட்டிதான் இல்லையே சார், மாத்திரை எழுதிக் குடுங்க,” என்றார் அப்பா.
அழிவதை நிறுத்த மருந்தே இல்லையாம்.
கட்டியாக இருந்திருந்தால் வெட்டியாவது எடுத்திருப்பார்களோ? – சே, இத எழுத எனக்கு எப்படி மனசு வந்துச்சு.

செப்டம்பர் 6
“அசனம் வேணாம்ப்பா. என்னத்துக்கு நன்றி சொல்லப் போறோம்?”
“கட்டி இல்லைன்னா போடுறோம்னு சொன்னோம். இல்ல. போட்டாகணும்.”
சீட்டு எழுதினது நான். அம்மா நல்லாயிரணும்னு ஒரு வரி ஏன் எழுதல?

நவம்பர் 30
என் பெயர் வர இன்று அம்மாவுக்கு வெகுநேரம் ஆனது.

2026 ஜனவரி 25
கோயில் வளாகத்தில் பந்தி. கறிச்சோறுதான். ஷீபா அக்கா இன்று கேலி செய்யவில்லை. அம்மாவின் கையில் அகப்பையைக் கொடுத்தோம். கை மறக்கவில்லை, ஒரு பருக்கை சிந்தாமல் இலை இலையாகப் பரிமாறி வந்தாள். என் இலையருகே நின்றாள்.
“எந்த ஊரு புள்ள? கூச்சப்படாம சாப்புடு.”
குழம்பு வாளியோடு பின்னால் வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.
“இந்த ஊருதாங்க,” என்றேன். “இன்னுங் கொஞ்சம் போடுங்க.”
போட்டாள்.