இரண்டு தாத்தாக்களும் ஒரு மூச்சும்

மே 18

தேவாலய வாசலில் பதாகை கட்டினோம். 'சமாதானத்துக்கான திருப்பாடல் மாலை, ஜூன் 25.' ஒரு முனைக் கயிற்றை நான் பிடித்தேன், மறுமுனையைச் சம்பந்தி பிடித்தார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பதால், 'உங்க பக்கம் கொஞ்சம் மேலே' என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. சமாதானம் கோணலாகத் தொங்குகிறது. எல்லையோரத்துச் சொர்வொன் ஊரே அதைப் பார்த்துவிட்டுப் போகிறது.

மே 20

நடந்ததை எனக்காவது உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

போன வாரம் பேத்தி சோ-தாமின் முதல் பிறந்தநாள். குழந்தை முன்னால் பலகையில் பென்சில், நூல்கண்டு, அரிசிக் கிண்ணம் எல்லாம் வைத்தோம். பென்சிலை எடுத்தால் படிப்பு, நூலை எடுத்தால் நீண்ட ஆயுசு, அரிசியை எடுத்தால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நான் பென்சிலைக் கொஞ்சம் நேராக்கினேன். நேராக்கியதில் அது குழந்தையின் பக்கம் ஒரு சாண் நகர்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய்த் தரையைச் சூடாக்கும் குழாய்களைப் பழுதுபார்த்து முழங்கால் தேய்ந்தவன் நான். பேத்தியாவது படிக்கட்டும் என்று நினைத்தது குற்றமா?

சம்பந்தி பார்த்துவிட்டார். மருமகள் ஹே-வொனின் அப்பா, ஆப்பிள் தோட்டக்காரர் தோ சாங்-வூன். "சம்பந்தி, குழந்தையே எடுக்கட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லிக்கொண்டே நூல்கண்டைத் தன் பங்குக்குத் தள்ளினார். நான் பென்சிலை. அவர் நூலை. மறுபடி நான். மறுபடி அவர். பலகை கவிழ்ந்தது, குழந்தை வீறிட்டது. விருந்தாளிகள் அரிசிக் கேக்கை வாயருகே வைத்தபடி எங்களைப் பார்த்தார்கள்.

ஹே-வொன் அங்கேயே சொல்லிவிட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் பழையபடி ஆகுற வரைக்கும் பாப்பாவைப் பார்க்க வர வேண்டாம்." மாமனார் என்றும் பார்க்கவில்லை, பெற்ற அப்பா என்றும் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மே 23

பாப்பாவின் படமாவது அனுப்பச் சொல்லி மகனிடம் கேட்டேன். "அம்மாவுக்கு அனுப்புறேன்பா" என்றான். அனுப்பினான் போலிருக்கிறது. மனைவி கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திருப்பவில்லை.

மே 25

ஒத்திகை. அவமானம்.

எங்கள் பாடகர் குழுவின் கடைசிப் பாட்டு 'சமாதானம்' என்ற சொல்லில் முடிகிறது. முடிகிறது என்று சொன்னேனே தவிர, முடியவே முடியாது. அவ்வளவு நீள இழுப்பு. ஒரே மூச்சில் யாராலும் பாட முடியாது. பக்கத்தில் நிற்பவர்கள் முறை வைத்து மூச்செடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் தாங்கிக்கொள்வார். கேட்பவர்களுக்கு ஒரே இழையாகக் கேட்கும். இத்தனை வருஷமாகச் சம்பந்தி முழங்கையால் லேசாக இடிப்பார், நான் எடுப்பேன். பிறகு நான் இடிப்பேன், அவர் எடுப்பார்.

இப்போது இடி இல்லை. முதலில் மூச்செடுப்பவன் தோற்றவன் என்று எப்படியோ ஆகிவிட்டது. இரண்டு பேரும் கடைசிவரை பிடிவாதமாக இழுத்து, முகம் சிவந்து, ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தோம். பாட்டில் ஓர் ஓட்டை.

எங்களை நடத்தும் யெ-ரினுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கையை இறக்கிவிட்டு, "பேஸ் பக்கம் யாரோ கதவைத் திறந்து போட்டுட்டாங்க போல" என்றாள். எங்களை இடம் மாற்றவும் வழியில்லை. பேஸ் என்ற கீழ்க்குரலில் எங்களைத் தவிர இருப்பது காது மந்தமான போதகரின் அண்ணனும், விடுமுறை கிடைத்தால் வரும் ஒரு சிப்பாயும்தான்.

ஜூன் 1

ஓட்டை. பெரிதாகியிருக்கிறது.

ஜூன் 8

யெ-ரின் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து, "ஐயா, யார் எப்ப மூச்செடுக்கணும்னு நீங்களே பேசி வச்சுக்குங்க" என்றாள். பேசி வைத்துக்கொள்வதா! நான் சுவரைப் பார்த்து, எனக்கு எப்போது எடுத்தாலும் சம்மதம் என்றேன். சம்பந்தி கூரையைப் பார்த்து அதையே சொன்னார். சமாதானப் பேச்சுவார்த்தை அத்துடன் நிறைவுற்றது.

பிறகு அவர் தொண்டைக்கு இதமான தோராஜி வேர் மிட்டாயை எல்லோருக்கும் கொடுத்தார். வழக்கமாக முதல் மிட்டாய் எனக்குத்தான். இன்று கை என்னைத் தாண்டிப் போயிற்று. மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு மிட்டாய்க்கு ஏங்குகிற கிழவன், பேத்தி பெரிய படிப்புப் படிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டானாம்.

ஜூன் 15

பாப்பா நடக்கிறாளாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஜூன் 16

மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சம்பந்தியின் அழுத்தத்தைப் பற்றி வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அவள் தலை நிமிராமலே கேட்டாள்: "அவரு ஏன் நூலைத் தள்ளினாருன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? ஹே-வொனோட அம்மா தவறிப்போனப்போ ஹே-வொனுக்கு என்ன வயசு?"

பள்ளிக்கூடம்கூடப் போகாத வயசு. எனக்குத் தெரியும். கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவுக்கு வைத்திருந்த நாற்காலி காலியாக இருந்ததை நானே பார்த்தேன். தெரிந்தும் தோன்றவில்லையே? நான் பேத்தியின் படிப்புக்காக மல்லுக்கட்டினேன். அந்த மனுஷன் உயிருக்காக.

பூண்டு கண்ணைக் கரித்தது. பூண்டுக்கு அப்படி ஒரு குணம் இல்லை என்று மனைவி சொன்னாள்.

ஜூன் 22

கடைசி ஒத்திகை. இன்று பேசிவிடுவது என்று போனேன். 'சம்பந்தி' என்று கூப்பிட வாயும் திறந்தேன். அவர் திரும்பியதும், ஜன்னலை மூடலாமா என்று சிப்பாயிடம் கேட்டேன். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

ஜூன் 25

மண்டபம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் எல்லைக்கு அப்பால், வடக்கே பிறந்த பெரியவர்கள். போர் நடந்தபோது பிரிந்த அண்ணன் தம்பியை இன்றுவரை பார்க்காதவர்கள். அவர்கள் முன்னால் அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறேன், ஒரு பென்சிலுக்காகப் பேத்தியைப் பார்க்க முடியாமல் போனவன். வெட்கமாக இருந்தது. ஹே-வொன் எங்கோ பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது.

கடைசிச் சொல் வந்தது. இழுக்க ஆரம்பித்தோம். எனக்கு இன்னும் பாதி மூச்சு இருந்தது. இருந்தும் நிறுத்தி, முதலில் எடுத்தேன். அந்த இடைவெளியில் சம்பந்தியின் குரல் தனியாகக் கேட்டது. மெலிந்த குரல், ஓரத்தில் நடுங்கியது. ஆனால் விடவில்லை. நான் வந்து சேர்ந்துகொண்டேன். அப்புறம் முழங்கையால் இடித்தேன். அவர் எடுத்தார். அவர் திரும்பி வரும்வரை பாட்டை நான் தாங்கிக்கொண்டேன். ஓட்டை விழவில்லை.

கைதட்டல் அடங்கி, திரைக்குப் பின்னால் வந்ததும் சம்பந்தி அங்கிப் பைக்குள் துழாவினார். "நீங்க மூச்செடுத்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும், சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே மிட்டாயை என் கையில் வைத்தார்.

அந்தப் பென்சிலை நான்தான் தள்ளினேன் என்றேன்.

"தெரியும். நூலை நான் தள்ளினதும் உங்களுக்குத் தெரியும்ல?"

ஜூலை 6

மகன் வீட்டில் மறுபடியும் பலகை வைத்தார்கள். நடக்கிற குழந்தைக்கு இது என்ன கூத்து என்று மனைவிக்கே சிரிப்பு. ஹே-வொன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தாத்தாக்கள் இருவரும் தங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தோம்.

பாப்பா தள்ளாடி வந்து பலகை முன்னால் நின்றாள். நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தால் அவர் கண் பென்சிலில் இருக்கிறது. இருவரும் மூச்சே விடவில்லை. இந்த முறை யாரும் இடிக்கவும் முடியாது.

அவள் அரிசிக் கிண்ணத்தைத் தூக்கி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அரிசியை நாங்கள்தான் பொறுக்கினோம். நான் ஜன்னல் பக்கத்திலிருந்து, சம்பந்தி கதவுப் பக்கத்திலிருந்து. பாப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு, பொறுக்கியதையெல்லாம் மறுபடி இறைத்துக்கொண்டிருந்தாள்.