அப்பாவிடமிருந்து வந்தது

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுசித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மணிவேலும் சுகம், என் கண் ஒன்றைத் தவிர. அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் பேனா பிடித்தேன்.

போன புதன்கிழமை காலை வாரிசுச் சான்றிதழுக்காகத் தேன்கனிக்கோட்டை தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். உன் தாத்தாவின் மூன்று ஏக்கருக்கு என் தம்பி குருமூர்த்தி இன்னும் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறான். மத்தியானம் அதே பைலோடு மணிவேல் என்னைப் பெங்களூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தந்தெயிந்த பந்தித்தா என்று கன்னடத்தில் கேட்டார். அப்பாவிடமிருந்து வந்ததா என்கிறார். எனக்கோ மடியில் பைல், மண்டைக்குள் குருமூர்த்தி. ஹௌது மேடம், மூரு எகரெ, தம்பி இன்னும் சைன் போடலை என்று பாதி கன்னடம் பாதி தமிழில் மூன்று ஏக்கர் கணக்கைச் சொல்லிவிட்டேன். அந்தம்மா திருதிருவென்று விழிக்க, மணிவேல் தலையில் அடித்துக்கொண்டான். அவர் கேட்டது நிலத்தை இல்லையடி, நோயை. குளுக்கோமாவாம், கண்ணில் நீர் அழுத்தம். நேரே இருப்பது நன்றாகத் தெரியும், ஓரத்துப் பார்வை மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்குமாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் அப்பா நினைவுதான். கடைசியில் அவருக்குப் பார்வை போனது வயதால் என்று இருந்துவிட்டோம். அதற்கு முன்பே பக்கத்தில் நிற்பவரைக் கூடக் கவனிக்காமல் விறுவிறுவென்று போவார், எல்லப்பனுக்குத் திமிர் என்று ஊரே பேசியது, பாவி நானும் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது எதிர்வீட்டு முத்துமணி என்னை அப்படிச் சொல்கிறாள். இருபத்தாறு வருடம் வாட்ச் கம்பெனியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எள்ளளவு திருகாணியைப் பொருத்தியவளுக்கு வந்த பேரைப் பார். லீவு நாளில் தரையில் சாக்பீஸ் கட்டம் போட்டு நாம் தாயம் ஆடுவோமே, நினைவிருக்கிறதா? தாயம் விழாமல் காய் இறங்காது, நீ உதட்டைப் பிதுக்குவாய், நான் கட்டையைத் திருப்பி வைத்து ஒன்று விழுந்துவிட்டது என்பேன். தாத்தா சிரிப்பார். தாயம்னா அப்பன் சொத்துல பங்கும்தான், அதனாலதான் பங்காளியைத் தாயாதிங்கறோம், தெலுங்குக்காரனும் கன்னடக்காரனும் அப்படித்தான் சொல்றான், அது உருட்டாமலே வந்து சேரும் என்பார். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டரிலும் இன்ஹெரிட்டன்ஸ் உண்டு என்றாய். தாய் புரோகிராமில் எழுதியதெல்லாம் பிள்ளை புரோகிராமுக்குக் கேட்காமலே வந்துவிடும், வேண்டாததைப் பிள்ளை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றாய். அன்றைக்குச் சும்மா தலையாட்டினேன், இப்போதுதான் புரிகிறது.

போன பொங்கலுக்கு வந்தபோது பக்கத்தில் வைத்த காபி டம்ளரை இரண்டு தடவை தட்டிவிட்டாய். எருமை, கண்ணை எங்கேடி வெச்சிருக்கே என்று கத்தினேன். அதுவும் இந்த ஓரத்துப் பார்வைதானோ. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இருக்கட்டும். எனக்கு நிலம் வேண்டாம்மா, தம்பி மணிவேலுக்கே விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துடறேன் என்று சொன்னாயே தங்கமே, இதை அப்படி எழுதித்தர முடியாது. போன பார்வை திரும்பாது, ஆனால் சீக்கிரம் பார்த்தால் சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. நானும் வேளை தவறாமல் போடுகிறேன்.

மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் உங்கள் இருவரையும் கண்ணின் மணியாய்க் காக்கட்டும். இந்த மாதத்துக்குள் கண் டாக்டரைப் பார்த்துவிடு, சாக்குச் சொல்லாதே. இது யாரிடமிருந்து வந்தது என்று அவர்கள் பாஷையில் கேட்டால், அம்மாவிடமிருந்து என்று சொல். என்னைப் போல ஏக்கர் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்மணி