மேல்தளத்து ஊசி அறை

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? மலாய்தா தீவின் தென்முனையில் நான் சுகம். படகுச் சமையல் பழகிவிட்டது.

நேற்று ஒரு கூத்து. இந்த மருத்துவப் படகை உதவிப் பணத்தில் கட்டிய வெளிநாட்டார், கருத்தடை ஊசி போடும் அறையை மேல்தளத்தில் வைத்துவிட்டார்கள். கீழே ஆண்கள் உட்கார்ந்திருக்க, நம் வழக்கத்தை மீறி அவர்கள் தலைக்கு மேலே எந்தப் பெண் ஏறுவாள்? ஐந்து பெற்று வெளுத்துப்போன நோயலினும் கரையிலேயே நின்றாள்.

"யாருக்கும் ஊசி வேண்டாம்போல. கிளம்பலாம்" என்றான் கேப்டன் லெஸ்லி.

நான் கரண்டியோடு போனேன். "ஆம்பளைங்க எல்லாரும் கரைக்கு இறங்குங்க!"

"நான் கேப்டன், கிழவி!"

"உன் தலையும் ஆம்பளைத் தலைதானே? இறங்குடா!"

இறங்கினார்கள். நோயலின்தான் முதலில் ஏறினாள்.

நம் மரத்துப் பாக்கு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே என்கூட உட்கார்ந்து மெல்ல ஆளில்லை.

நங்கூரம் தூக்குகிறார்கள், முடிக்கிறேன். அடுத்து நம் ஊர்தான். ஊசி கேட்ட என் தங்கை ஜெமிமாவை அடக்கிவைத்து, எட்டாவது பிரசவத்தில் சாகக் கொடுத்தவர் அவள் கணவர், உங்கள் அண்ணன். நான் மறக்கவில்லை. படகு வந்ததும் ஓசித் தேநீருக்கு ஏறிவிடுவார். இந்த முறை கரையிலேயே நிற்கச் சொல்லுங்கள். அவர் மருமகள் மேலே ஏறப்போகிறாள்.

உங்கள் மனைவி