கோணலான பன்னிரண்டு

6 பிப்ரவரி 2025, வியாழன்

ஷேர் ஆட்டோவில் மடி நிறைய அட்டை, கையில் ஒரு கட்டு தென்னங்குச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துடைப்பம் விற்கிறேன் என்று நினைத்து விலை கேட்டார்! நல்ல வேளை, திருவொற்றியூர் வந்துவிட்டது.

ஏழாம் வகுப்புக்குச் சூரியக் கடிகாரம். அட்டை வட்டத்தில் ஆறிலிருந்து ஆறு வரை மணிக்கோடுகள், நடுவே குச்சி. குச்சி வடக்கே பார்த்துத் தரையிலிருந்து பதின்மூன்று டிகிரி தூக்கி நிற்க வேண்டும், சென்னைக்கு அவ்வளவுதான். பன்னிரண்டு நேர் கீழே. குச்சியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி.

பிள்ளைகளில் செங்கொடி செய்ததுதான் சுத்தம். வட்டார அறிவியல் கண்காட்சிக்கு அவள் பெயரை எழுதிவிட்டேன்.

10 பிப்ரவரி, திங்கள்

மனசே சரியில்லை.

காலையில் பள்ளிக்கூட மொட்டைமாடியில் என் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். செல்போனில் ஒன்பது. நிழல் எட்டரையை அப்போதுதான் தாண்டியிருந்தது. பிள்ளைகள் முன்னால் மானம் போகுமே என்று (ஆமாம், அதற்காகத்தான்) அட்டையைக் கொஞ்சம் திருப்பி ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு வகுப்பை மேலே கூட்டிப்போனேன். என்னுடையது டாண் என்று பதினொன்று காட்டியது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் அட்டையைத் திருப்பிக்கொண்டார்கள். செங்கொடி மட்டும் தொடவில்லை. அவளுடையதில் பத்தே முக்கால்கூட ஆகவில்லை.

"கோணலா ஒட்டியிருக்கே" என்றேன்.

"என்து நேராத்தான் கீது மிஸ். உங்க பன்னெண்டுதான் கோணிகினு கீது. நீங்க திருப்பி ஒட்டிகினீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பொய் பேசுறியா? அவ்ளோ கொழுப்பா?" என்று கத்திவிட்டேன். அவள் பெயரை, அவள் பார்க்கவே, பட்டியலிலிருந்து அடித்தேன்.

பொய் பேசியது யார்?

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூச லீவு. வீட்டு மொட்டைமாடியில் நூலில் ஊக்கைக் கட்டித் தொங்கவிட்டு, பன்னிரண்டை நேர் கீழே வைத்து, மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் இருபத்து மூன்று நிமிடம் குறைவு.

அப்புறம்தான் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம், மகாராணி எங்கே படித்தாள்! நாடு முழுக்க ஒரே நேரம். அது அலகாபாத் பக்கத்துச் சூரியனை வைத்துக் கணக்கிட்டது. நமக்குச் சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒன்பது நிமிடம் ஆகும். பிப்ரவரியில் எல்லா ஊரிலும் சூரியன் பதினான்கு நிமிடம் பிந்துகிறது. இரண்டையும் கூட்டினால் இருபத்து மூன்று.

முப்பத்தொரு பேரில் அவள் ஒருத்தி செய்ததுதான் சரி. அவளைப் போய்.

12 பிப்ரவரி, புதன்

செங்கொடி வரவில்லை. அவள் அம்மா கன்னியம்மா வந்தார். காசிமேட்டில் மீன் வியாபாரம் முடித்து, அன்னக்கூடையோடு நேரே பள்ளி வாசலுக்கு.

"இஸ்கோலுக்கே போமாட்டேன்னு குந்திகினு அழுவுது டீச்சர். அது வாயாடிதான், இல்லன்னல. ஆனா பொய் பேசாது."

"தப்பு என்மேலதான்க்கா. நான்தான் திருப்பி ஒட்டினேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்த எங்கையில சொல்லி இன்னா பிரயோஜனம்? புள்ளைங்க முன்னாடிதானே திட்டுனீங்க? அங்க சொல்லுங்கோ."

தலைமையாசிரியர் தாமோதரன் சாரிடம் போய், அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். "பெயரைச் சேர்க்கலாம். ஆனா டீச்சரே ஏமாத்தினேன்னு வகுப்புல சொன்னா, நாளைக்கு எவன் மதிப்பான்? வேணாம் ராமசெல்வி."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து அழுகிறாளே.

13 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிட்டேன். அம்மா இழுத்து வந்ததால் செங்கொடி வந்திருந்தாள், கடைசி பெஞ்சில். "என் கடிகாரத்தை நான்தான் திருப்பினேன். தெரிஞ்சேதான் திருப்பினேன். செங்கொடி சொன்னது நிஜம். அவள பொய்க்காரின்னு சொன்னது என் தப்பு." இவ்வளவு சொல்ல இரண்டு மடக்கு தண்ணீர் தேவைப்பட்டது.

"அப்போ நாங்கல்லாம் இன்னா மிஸ் பண்றது?" என்றான் வெற்றி.

"பிச்சுட்டு மறுபடி ஒட்டுங்க."

இருபத்து மூன்று நிமிடக் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டினேன். செங்கொடி தலை நிமிரவே இல்லை. மன்னித்தாளா? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

17 பிப்ரவரி, திங்கள்

தினமும் வருகிறாள். என்னோடு பேசுவதில்லை.

21 பிப்ரவரி, வெள்ளி

கண்காட்சி. பரிசு இல்லை.

வெயில் வேண்டும் என்பதால் மைதானத்து ஓரமாக மேசை. நடுவர் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொன்னு. இதுல பத்தே முக்கால்கூட ஆகலையே. தப்பா இருக்கேம்மா?"

எனக்கு வாய் துறுதுறுவென்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தப்பு இல்ல சார். உங்க வாட்ச்சு நாட்டுக்கே ஓடுது. இது எங்க ஊருக்கு மட்டும்" என்றாள் செங்கொடி. ஒன்பதையும் பதினான்கையும் விரல்விட்டு விளக்கினாள்.

"பலே! யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்க மிஸ்தான். மொதல்ல தப்பா சொல்லிக்குடுத்துட்டு என்னியவே திட்டுனாங்க. அப்பால தப்பு எம்மேலதான்னு அவங்களே எல்லார் முன்னாடியும் சொன்னாங்க."

நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காது வரைக்கும் சுட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மேசைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன்.

"மிஸ், வெயில மறைக்கிறீங்க" என்றாள், என் முகத்தைப் பார்த்து. "இந்தாண்ட வாங்க, எம்பக்கம்."

போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.