ஆணியில் தொங்கிய பியூஸ்கள்

12 ஆகஸ்ட், செவ்வாய்.

மோட்டர் இறைக்க இறைக்க வீட்டுக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. அதனால்தான் காலை பத்து மணிக்குப் பிறகு தோட்டங்களில் மோட்டர் ஓடக்கூடாது என்று தண்ணீர்க் குழுவில் நாங்களே விதி எழுதினோம். பத்து மணிக்குத் தோட்டக்காரர் எல்லோரும் மோட்டர் பியூஸைக் கழற்றி வந்து குழு அறைச் சுவரில் மாட்ட வேண்டும். இன்றும் ஓர் ஆணிகூட வெறுமையாக இல்லை. செயலாளர் நான். பார்த்துக் கையெழுத்து வைத்தேன்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜெஸீமா ராத்தா தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்தார்.

"குடிச்சிப் பாருங்க தம்பி. தேத்தண்ணி ஊத்தினேன், ஊட்டுல ஒரு ஆளும் குடிக்கல்ல."

குடித்தேன். கரித்தது.

"எல்லாப் பியூஸும் இங்கதானே இரிக்கி ராத்தா."

"அப்ப அந்தச் சத்தம் என்ன?"

தூரத்தில், நிஸாரின் வெங்காயத் தோட்டத்தில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நேரே போய்க் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"ரெண்டாவது பியூஸ் வாங்கினது நான் மட்டுமா? கடைக்காரர் உங்களையும்தான் சொன்னாரு."

திரும்பி வந்துவிட்டேன். குழுப் புத்தகத்தில் அவன் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதற்குக் கீழே இன்னொரு பெயரும் எழுத வேண்டும்.

என் இரண்டாவது பியூஸ் அலுமாரியில், சாரன்களுக்கு அடியில் இருக்கிறது. அவசரத்துக்கு என்றுதான் வாங்கினேன். போன கிழமை மூன்று நாள் அவசரம்.

நிஸாரின் தோட்டம் தூரம். ராத்தாவின் கிணறு என் தோட்ட வேலிக்கு அந்தப் பக்கம்.